கையெழுத்து விழாத நானூறு பெட்டிகள்

பார்சல் கிடங்கில் எல்லோரும் அவளை ‘முடியாது அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவளும் சட்டென்று திரும்பி “என்ன?” என்பாள். பத்துப் பெட்டி வந்தால் ஒன்பதை மறுபேச்சில்லாமல் அனுப்பிவிடுவாள். அந்தப் பத்தாவது பெட்டிதான் அவளுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது.

அவள் அங்கே சேர்ந்தது தரை துடைக்க. இரண்டாம் வருடம் ஒருநாள், ஒரு பெட்டி ஓரம் கிழிந்து வெள்ளைப் பொடி கொட்டிக் கிடந்தது. பெட்டியின் மேல் ‘சமையலறைப் பொருட்கள்’ என்று எழுதியிருந்தது. உப்பாக இருக்கும் என்று ஈரத்துணியால் வழித்தாள். அது அடைத்துக்கொண்ட குழாயைத் திறக்கும் பொடி. ஈரம் பட்டதும் கொதித்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வழன்றுவிட்டது.

ஒன்றரை மாதம் கழித்துக் கட்டு அவிழ்ந்தது. அன்றைக்கே அப்போதைய மேலாளரிடம் போய் நின்றாள்.

“இந்த மாதிரி சாமான எப்படி அனுப்பணும்னு புஸ்தகம் இருக்காமே. அதக் குடுங்க சார்.”

“தரை துடைக்கிற உனக்கு அது எதுக்கும்மா?”

“கொட்டினத அள்ளுறது நான்தானே? எனக்குத்தான் மொதல்ல தெரியணும்.”

புத்தகம் தலையணை மொத்தம் இருந்தது. பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டாள். “உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?” என்று அவளுடைய கூடப்பிறந்த அக்கா கேட்டாள். மூன்றாம் தடவை தேறினாள். அபாயப் பொருட்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் மேசை அவளுக்கு வந்தது. கிடங்கில் வேறு யாரும் அந்தப் பரீட்சைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

பதினேழு வருடம் அந்த மேசை. வீட்டில் புழங்கும் சாமான் என்றால் விதி கொஞ்சம் இறங்கி வரும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சின்னச் சின்னப் புட்டி, கசியாத மூடி, உறுதியான பெட்டி, மேல்பக்கம் காட்டும் அம்புக்குறி, கறுப்பும் வெள்ளையுமான சாய்சதுர அடையாளம். இவ்வளவும் இருந்தால் சாலை வழியாகப் போகும் பெட்டிக்குப் பெரிய பீப்பாய்க்குக் கேட்கிற காகிதமெல்லாம் கேட்கமாட்டார்கள். விமானம் என்றால் கதையே வேறு.

அப்படியிருக்க ஒருநாள் காலையில் சோப்புக்காரர் நானூறு பெட்டிகளோடு வந்து இறங்கினார். வீடு சுத்தம் செய்யும் சாமான்களை விற்கிறவர். கிடங்குக்குப் பெரிய வாடிக்கை. பெட்டிமேல் பூப்படம், ‘பரிசுத் தொகுப்பு’ என்று தங்க எழுத்து. நாளை விமானத்தில் ஏற வேண்டுமாம்.

அவள் ஒன்றைப் பிரித்தாள். உள்ளே கழிப்பறை கழுவும் அமிலம் ஒரு புட்டி, அதை ஒட்டினாற்போல் ப்ளீச் ஒரு புட்டி, ஓரத்தில் வாசனை ஸ்பிரே. நடுவே ஒரு அட்டைத் தடுப்புகூட இல்லை. ப்ளீச் புட்டியின் மூடியைத் திருகினாள். மூடிக்கு அடியில் புட்டியின் வாயை அடைத்து ஒட்டியிருக்க வேண்டிய தாளைக் காணோம்.

“முடியாது” என்றாள்.

மேலாளர் ஓடி வந்தார். இரண்டு வருடம் முன்பு வந்தவர். விதிப்புத்தகத்தை அட்டையோடு நிறுத்திக்கொண்டவர்.

“எல்லாக் கடையிலயும் விக்கிற சாமான்மா இது! இதுல என்ன அபாயம்?”

“கடையில நிமிர்ந்து நிக்குது சார். விமானத்துல எப்படிக் கிடக்கும்னு யாருக்குத் தெரியும்? இது ரெண்டும் கசிஞ்சு கலந்தா வர்ற வாயு மூச்ச அடைச்சிடும்.”

“என் புட்டி கசியாதும்மா” என்றார் சோப்புக்காரர். “பந்தயம் கட்டறேன்.”

“பந்தயமெல்லாம் வேணாம். உங்க கைக்குட்டையக் குடுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே கருநீலக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை ஒரு தட்டில் விரித்து, ப்ளீச் புட்டியை மட்டும் மூடியை இறுக்கி அதன்மேல் தலைகீழாகக் கவிழ்த்து, மேலாளரின் மேசையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். அரை மணி நேரம் ஆனது. மேலாளர் அறைக் கதவைத் திறந்துவைத்தார். பிறகு சன்னலையும் திறந்தார். அவள் திரும்பி வந்து புட்டியைத் தூக்கிப் பார்த்தபோது கருநீலத்தின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் வட்டம். சோப்புக்காரர் பிரித்த பெட்டியை மூடத் தொடங்கினார்.

மேலாளர்தான் விடவில்லை. “ஒரு புட்டிதானே. பெட்டிமேல ‘அழகு சாதனம்’னு எழுதிட்டா யாரு பார்க்கப் போறா? நீ கையெழுத்த மட்டும் போடு.”

“அந்த மாதிரி எழுதின பெட்டிதான் சார் என் கையச் சுட்டது. வெட்டிப் போட்டாலும் இந்தக் கை அதுல கையெழுத்துப் போடாது.”

சோப்புக்காரர் நானூறு பெட்டிகளையும் லாரியில் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். வேறு கிடங்கைத்தான் தேடுவார் என்று அவளுக்குத் தெரியும். ஊரில் இன்னும் இரண்டு கிடங்குகள் இருந்தன. இரண்டுக்கும் போன் செய்தாள். ஒருவர் “எங்க வேலைய நாங்க பார்த்துக்கறோம்” என்று வைத்துவிட்டார். இன்னொரு இடத்தில் ஒரு பெண்குரல், “நல்லவேளை சொன்னீங்க அக்கா, இப்பத்தான் லாரி உள்ள வருது” என்றது.

விஷயம் மேலாளர் காதுக்குப் போனது. மறுநாளே அவளைத் திரும்பி வந்த பார்சல்களை அடுக்கும் பின்னறைக்கு மாற்றினார். காற்றோட்டமில்லாத அறை, ஒரே ஒரு விளக்கு.

வீட்டில் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பஸ் பணிமனையில் மெக்கானிக் அவர். “ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டுப் போயிருந்தா என்ன குறைஞ்சிடும்?”

“பிரேக் பிடிக்காத பஸ்ஸ, சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்து நீங்க வெளிய விடுவீங்களா?”

அவர் எழுந்துபோய்ப் பரணில் துழாவினார். பிறகு, “அந்தப் பின்னறைக்கு ஒரு மேசை விசிறி எடுத்துட்டுப் போ” என்றார்.

மேலாளர் ஒன்றை மறந்துவிட்டார். கையெழுத்துப் போடத் தகுதியுள்ள ஆள் அவள் ஒருத்திதான். நான்காம் நாளே பெயின்ட் டப்பா, நகப்பூச்சு அழிக்கும் திரவம், கொசு ஸ்பிரே என்று எல்லாம் தேங்கி நடைபாதை அடைத்துக்கொண்டது. லாரி ஓட்டுநர்கள் சத்தம் போட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து போன்மேல் போன். ஒன்பதாம் நாள் மேலாளரே பின்னறைக்கு வந்து நின்றார்.

“சரிம்மா, நாளையிலருந்து பழைய மேசைக்கே வந்துடு.”

“வர்றேன் சார். ஆனா ஒரு கடுதாசி வேணும்.”

“என்ன கடுதாசி?”

“நான் வேணாம்னு ஒதுக்கின பெட்டிய இங்க யாரும் பேர் மாத்தி அனுப்பக்கூடாது. நீங்களும்தான். கீழ உங்க கையெழுத்து இருக்கணும்.”

அவர் முகம் சிவந்தது. “நீ எனக்கே சட்டம் போடறியா?”

“நான் போடல சார். புஸ்தகத்துல இருக்கு. நீங்க படிக்கல.”

அவர் விறுவிறுவென்று போய்விட்டார். அவள் விசிறியைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, முகவரி கிழிந்த பார்சல்களைத் தொடர்ந்து அடுக்கினாள். மாலை சங்கு ஊதுவதற்குள் கடிதம் வந்தது. ‘இயன்றவரை’ என்ற ஒரு சொல்லை மேலாளர் நடுவில் சொருகியிருந்தார். அவள் அதை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினாள். இரண்டாவது கடிதத்தில் அந்தச் சொல் இல்லை.