கவனிப்பாரற்ற உணவு

சேனாபதி மாமாவை அந்த ஊரில் யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் அந்த ஊரில் யாரையும் பிடிக்காது. பதினோரு வருடமாக இந்த ஏற்பாடு ஒழுங்காகத்தான் நடந்துவந்தது.

நியூ ஜெர்சி என்றால் நம்மவர்கள் நிறைந்த எடிசனும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கும் என்று நினைப்பவர்கள் அந்த ஊருக்கு வந்தால் வழி தவறிவிட்டதாகச் சொல்வார்கள். மாநிலத்தின் வடமேற்கு மூலை. ஒரு பக்கம் நாய் கால் நீட்டிப் படுத்ததுபோல் கிட்டடினி மலை. அதற்கு அந்தப்புறம் டெலவேர் ஆறு. ஆற்றைத் தாண்டினால் வேறு மாநிலம். நடுவில் சோளக்காடு, குதிரைக் கொட்டகை, மேப்பிள் மரங்கள், இரண்டாயிரத்துச் சொச்சம் ஜனம். ஒரு சிக்னல், ஒரு தபாலாபீஸ். மேயர் கூட்டமில்லாத நாட்களில் செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் லாரி ஓட்டுகிறார். வெஸ்ட் வின்ட்சரில் உறவுக்காரர்களோடு மூன்று சண்டை போட்டுவிட்டு, "மனுச மூஞ்சியே பாக்காத எடமா வேணும்" என்று தேடி மாமா வாங்கிய இரண்டு ஏக்கர் அங்கே இருந்தது. முகங்கள் குறைந்தன. இருந்த முகங்களோடு சண்டை கூடியது.

மருந்துக் கம்பெனியில் அவருக்குத் தரச் சோதனை வேலை. ஒரு மாத்திரையில் கீறல் இருந்தால் மொத்த பேட்சையும் நிறுத்திவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வேலையை விடவில்லை. மாதத்தின் இரண்டாம் செவ்வாய் மாலை, தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் டவுன்ஷிப் எனும் ஊராட்சியின் கூட்டம் நடக்கும். ஊர்க்காரர் யாரும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாம். மாமா ஒரு கூட்டமும் தவறவிட்டதில்லை. பனி உருகச் சாலையில் உப்புத் தூவவில்லை, நாயைக் கட்டவில்லை, வேட்டைத் துப்பாக்கிச் சத்தம். அவர் எழுந்ததும் கிளார்க் அம்மாள் சமையலறை டைமரை முறுக்கி மேஜையில் டொக்கென்று வைப்பாள். பாதிப்பேர் பாத்ரூமுக்குப் போவார்கள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவரை அங்கே கூட்டிப்போவது அவர் வீட்டில் தங்கியிருந்த என் வேலையாயிற்று. வசந்தாமணி அத்தை என் அப்பாவின் தங்கை. மறுக்க முடியாது.

பக்கத்து வீட்டு ஹாஃப்மன் ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வில்லெடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர். அவர் வீட்டுக் குப்பைத்தொட்டியைத் தேடித்தான் மலையிலிருந்து கரடி இறங்குகிறது என்பது மாமாவின் வாதம். ஒரு வருடம் மூன்று மூன்று நிமிடமாகப் பேசிப்பேசி ஒரு சட்டமே கொண்டுவரச் செய்தார். வீட்டுக்கு வெளியே கவனிப்பாரற்ற உணவு எதுவும் இருக்கக் கூடாது. குப்பை, நாய்ச்சோறு, பறவைத் தீனி, எதுவும். முதல் நோட்டீஸ் ஹாஃப்மனுக்குப் போனது. இருபது வருடமாகத் தொங்கிய பறவைத் தீனிக் கூண்டை அவர் கழற்றியபோது மாமா வீட்டுப் பின்புற மரத்தளமான டெக்கில் நின்று காப்பி குடித்தபடி பார்த்தார். ஹாஃப்மனும் இவரைப் பார்த்தார். வணக்கம் சொல்கிற பார்வை இல்லை.

மாமாவின் அப்பா தாராபுரத்தில் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு கிணற்றுப் பங்கில் தொடங்கிய சண்டையில் அப்பனும் மகனும் ஐந்து வருடம் பேசாமலிருந்தார்கள். சாவுக்கும் மாமா போகவில்லை. க்ரீன் கார்ட் பேப்பர் நடுவில் நின்றது என்பார். அன்றிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் பேப்பர் தட்டில் சோறு, பருப்பு, நெய், ஒரு வடை வைத்து டெக்கின் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, "கா... கா..." என்று கூப்பிடுவார். மேப்பிளில் உட்கார்ந்திருக்கும் காகம் பார்க்கும். பிறகு வேறு வேலைக்குப் போய்விடும். காகம் எடுக்காமல் இவர்கள் சாப்பிடுவதில்லை. மூன்று மணிக்கு அத்தை தலைசுற்றி உட்காரும்போது, "எங்கப்பனுக்கு இன்னும் கோவம் போகல" என்று சொல்லிவிட்டு மாமா இலை போடச் சொல்வார்.

போன சித்திரையிலிருந்து அது மாறியது. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்ச் சூடம் காட்டித் திரும்புவதற்குள் சோறு காலி. வடையும் காலி. அடுத்த அமாவாசையும் அப்படியே.

"அப்பன் எறங்கி வந்துட்டாரு மணி" என்றார் அத்தையிடம். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அத்தை மட்டும் ஒருமுறை கேட்டாள். "ஏனுங்க, நீங்க போட்ட ரூலு நமக்கும் உண்டுங்களா?"

"அது குப்பைக்கும் தீனிக்கும். இது படையல். கூறுகெட்டவளே, ரெண்டும் ஒண்ணா?"

அக்டோபர் கூட்டத்துக்கு ஹாஃப்மன் லேப்டாப்போடு வந்தார். எல்லை மரத்தில் மான் பார்க்கக் கட்டியிருந்த கேமராவில் பதிந்தது என்றார். திரையில் எங்கள் டெக். ஒரு கருங்கரடி பின்னங்காலில் நின்று, டீக்கடையில் முழங்கையூன்றியவர் மாதிரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, நிதானமாக நெய்ச்சோறு நக்கிக்கொண்டிருந்தது. வடையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டது.

"கரடிக்கு இந்தியன் பஃபே!" என்றது பின்வரிசைக் குரல். கூடம் அதிர்ந்தது. மேயர் குனிந்து ஷூ கயிற்றைச் சரிசெய்தார். தோள் குலுங்கியது.

மாமா எழுந்தார். டைமர் டொக்கென்றது.

"இன்னொரு முறை போடுங்கள்" என்றார். போட்டார்கள். "தேதி?" என்றார். ஹாஃப்மன் தாளைப் பார்த்துப் படித்தார். ஆறு தேதி. ஆறும் அமாவாசை. மாமா உட்கார்ந்துவிட்டார். மீதி இரண்டு நிமிடத்துக்கு யாருக்காகவும் இல்லாமல் டைமர் ஓடியது.

காரில் ஏறி பெல்ட்டை மாட்டினார். பிறகு, "ஆறு மாசம் மாப்ள. கரடிக்கு" என்றார்.

நோட்டீஸ் வந்தது. ஆஸ்டினிலிருந்து மகள் ஓவியா வீடியோ காலில் கத்தினாள். "அப்பா, ஜஸ்ட் ஸ்டாப் இட். இட்ஸ் லிட்டரலி இல்லீகல்!"

"கவனிப்பாரில்லாம வெச்சாத்தான் இல்லீகல். நான் நின்னு கவனிக்கறேன்."

நவம்பர் அமாவாசையன்று பதினொரு மணிக்கு, மங்க்கி கேப் மாட்டிக்கொண்டு தட்டின் பக்கத்தில் நின்றார். மேப்பிளில் காகம் உட்கார்ந்திருந்தது. ஆள் நின்றால் அது வராது. ஆள் போனால் சட்டம் மீறியதாகும். "கா!" என்றார். ஒரு மணி. "கா!" இரண்டு மணி. நெய் உறைந்து வெள்ளையானது. அந்தக் குரலில் கூப்பிட்டால் எந்த அப்பனும் வரமாட்டான்.

அத்தை கதவைத் திறந்தாள். "எனக்குச் சக்கர எறங்குதுங்க. ஒங்கப்பனும் நீங்களுமா சேந்து என்னையும் அங்கயே அனுப்பிப்போடுவீங்க போல."

"ஒரு நாள் பட்டினி கெடந்தா ஒண்ணும் ஆவாது."

"அத நீங்க கெடந்து சொல்லோணும். காலைல நாலு பிஸ்கட்டத் தின்னத நான் பாக்கலையாக்கும்?"

அப்போதுதான் காட்டுக்குள்ளிருந்து வேட்டைச் சட்டையும் வில்லுமாக ஹாஃப்மன் இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. "நீ கத்துகிற கத்தலில் என் மான்கள் அடுத்த கவுன்ட்டிக்கே போய்விட்டன" என்றார்.

"நான் நகரக் கூடாது. சட்டம்."

"உன் சட்டம்தானே, படித்ததில்லையா? வீட்டுக்காரன்தான் பார்க்க வேண்டும் என்று அதில் எங்கே இருக்கிறது? யாராவது பார்த்தால் போதும். நான் பார்க்கிறேன். உள்ளே போய்த் தொலை."

"உன்னை நம்பியா?"

"அப்படியானால் கத்திக்கொண்டே நில். நாளைக்கு இரைச்சல் புகார் கொடுக்கிறேன். நீ முன்பு கொடுத்த புகார்ப் படிவத்தையே பார்த்து எழுதுகிறேன்."

அத்தை மாமாவின் குளிர்க் கோட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

சமையலறை ஜன்னல் திரைப் பட்டைகளின் இடுக்கில் மாமா கண்ணை வைத்துக்கொண்டார். ஹாஃப்மன் ஓக் மரத்தோடு மரமாக நின்றார். வேட்டைக்காரர் அசையாமல் நிற்பது ஜடம் மாதிரி இருந்தது. பத்து நிமிடம். காகம் இறங்கியது. கைப்பிடிச் சுவரில் இரண்டு எட்டு நடந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒரு வாய் எடுத்தது. இன்னொரு வாய். வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது.

மாமா மூச்சு விட்ட இடத்தில் கண்ணாடி வெளிறியது. பின்னால் அத்தை குழம்பு ஊற்றிப் பிசைந்து பாதி சாப்பிட்டிருந்தாள்.

ஹாஃப்மன் டெக்கில் ஏறி மிச்சத்தைத் தட்டோடு எங்கள் குப்பைத்தொட்டியில் போட்டார். மூடியை அறைந்து பூட்டினார். திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறிப் போனார்.

"மாப்ள" என்றார் மாமா, ஜன்னலை விட்டு நகராமல். "அவங் கேமராவுல இது விழுந்திருக்குமா?"

"விழுந்திருக்கும் மாமா. போய்க் கேளுங்க."

"நானு? அவங்கிட்டயா?"

சாப்பிட்டுக் கைகழுவியதும் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். டவுன்ஷிப் கிளார்க்குக்குக் கடிதம், நகல் ஹாஃப்மனுக்கு. எல்லை மரத்தில் உள்ள கேமரா எங்கள் குடும்பத்தின் மத காரியத்தை அனுமதியில்லாமல் படம் பிடித்திருக்கிறது. இன்று பிற்பகல் இரண்டு பத்திலிருந்து இரண்டு முப்பது வரையிலான பதிவை ஏழு நாட்களுக்குள் என்னிடம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் வழக்கு.

நான் தட்டச்சு செய்தேன். அவர் தோளுக்கு மேலே எட்டி இரண்டு முறை படித்தார்.

"போன்ல ஓடற மாதிரி வேணும்னு சேத்துப் போடு மாப்ள" என்றார்.