காந்தம் விழுகிற இடம்

வண்டியின் பக்கத்துத் தகட்டில் விரல் முட்டியால் மூன்று தட்டு. காதைச் சாய்த்து ஒரு நொடி கவனிப்பு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை உள்ளங்கையால் ஒரே இழுப்பாகத் தடவல். டிங்கர் அக்காவுக்குக் காலைக் காபி தொண்டையில் இறங்க வேண்டுமானால் முதலில் இது நடக்க வேண்டும். வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாயின் கீழே நிற்கிற அந்தக் கேம்பர் வேனுக்கு வயது நாற்பத்தொன்பது. அக்காவைவிட நான்கு வயது இளையது. உள்ளே மடக்குக் கட்டில், இரட்டை அடுப்பு, கைப்பம்பு வைத்த குட்டித் தொட்டி எல்லாம் உண்டு. கூரையைத் தூக்கிவிட்டால் நிமிர்ந்து நின்று சட்டை மாற்றலாம்.

இடிபட்டு நொறுங்கிய வண்டிகளின் உடம்பை நிமிர்த்துவது அக்காவின் தொழில். ஒரே பட்டறையில் இருபத்தேழு வருடம். அங்கே சுத்தியல் பிடிக்கிற ஒரே பெண் அவர்தான் என்பதால், வருகிறவர்கள் எல்லாரும் அவரிடமே வந்து, ஆள் யாரும் இல்லையா என்று கேட்பார்கள். "ஆளுகிட்டதாங்க பேசிட்டு இருக்கீங்க" என்பார், ஆணியை வாயில் கவ்வியபடியே. கோபமெல்லாம் இல்லை. ஆனால் அப்படிக் கேட்டவரின் வண்டிக்கு அன்று காபி இடைவேளை முடிந்துதான் கை வைப்பார்.

இந்த வேனை அவர் வாங்கியபோது உள்ளே கோழிகள் குடியிருந்தன. தரை இத்துப்போய், ஓட்டை வழியாக மண் தெரிந்தது. வேலை முடிந்து வந்த மாலைகள், ஞாயிறுகள் என்று பதினான்கு மாதம் அதோடு மல்லுக்கட்டினார். துருப்பிடித்த இடங்களை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை அளந்து அடித்து, பற்றவைத்து, தேய்த்து, எங்கே ஒட்டுப் போட்டது என்று அவருக்கே தேடினால்தான் தெரியும் என்கிற அளவுக்குக் கொண்டுவந்தார். வினையே அங்கேதான் வந்தது. வாங்கலாமா என்று பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "வண்டி முதல்லயே நல்ல கண்டிஷன்லதான் இருந்திருக்கும் போல, பெயின்ட் மட்டும் அடிச்சிருக்கீங்க" என்றார்கள். ஒரு மனுஷி உயிரைக் கொடுத்து வேலை செய்தால் அது தெரியக் கூடாது. தெரியாவிட்டால் அதற்குக் காசும் கிடையாது. என்ன நியாயமோ!

விலை விஷயத்தில் அவருடைய தம்பிதான் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். பழைய வண்டிகளைக் கைமாற்றிவிடும் தரகர் அவர். பதினைந்து லட்சம் என்று ஆரம்பி, பத்துக்கு இறங்கு என்பது அவர் யோசனை. அக்கா அசையவில்லை. "பேசுறதுக்கு ஒரு விலை, விக்கிறதுக்கு ஒரு விலையா? எனக்கு ஒரு நாக்குதான்டா" என்றார்.

அவர் போட்ட விலை இதுதான். வண்டியை வாங்கியது இரண்டரை லட்சம். இன்ஜின், கண்ணாடி, டயர், மெத்தை, அடுப்பு, பெயின்ட், வேலை செய்த இடத்து வாடகை, கரண்ட் என்று செலவழித்தது நான்கு லட்சத்து நாற்பதாயிரம். மிச்சம் முழுக்க அவர் கை: ஆயிரத்து நூறு மணி நேரம், மணிக்கு அறுநூறு. பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே வேலை செய்யாது. பின்சக்கரத்தின் மேலே ஓர் இடத்தில் தகட்டை நிமிர்த்தாமல் பள்ளத்தைப் பட்டி பூசி நிரப்பியிருக்கிறது. இந்த இரண்டுக்குமாக முப்பதாயிரத்தை அவரே கழித்துக்கொண்டார். ஆக, பதின்மூன்று லட்சத்து இருபதாயிரம்.

"சொந்தக் கைக்கு யாராச்சும் கூலி போடுவாங்களாக்கா?" என்றார் தம்பி.

"அடுத்தவன் கைன்னா மட்டும் போடணுமா?"

அந்த அறுநூறு எங்கிருந்து வந்தது என்று தம்பி எவ்வளவோ நோண்டிப் பார்த்தார். அக்கா பிடி கொடுக்கவில்லை.

வருகிறவர்களிடம் அவர் முதலில் விலையைச் சொல்வதில்லை. மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தத்தைக் கையில் கொடுப்பார். தகடு என்றால் காந்தம் ஒட்டும். பள்ளத்தைப் பட்டி பூசி மறைத்திருந்தால் நழுவி விழும். "எங்க வேணா வெச்சுப் பாருங்க" என்று விட்டுவிடுவார். முன்னால், பின்னால், கதவில், கூரை விளிம்பில் வைத்துப் பார்ப்பார்கள், எங்கும் விழாது. அவர்கள் களைத்து நிறுத்தியதும் அக்காவே காந்தத்தை வாங்கி, பின்சக்கரத்துக்கு மேலே கையகல இடத்தில் வைப்பார். அது பொத்தென்று விழும். "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். முடியல, பூசிட்டேன்." தம்பிக்கு இந்தக் காட்சியைப் பார்க்கவே ஆகாது, முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அக்காவின் பட்டறை முதலாளியும் ஒருநாள் வந்து பார்த்தார். காந்தமெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. அக்காவின் கை அவருக்குத் தெரியும். எட்டே கால் லட்சம் தருவதாகச் சொன்னார். அவர் கொடுக்கிற கூலி மணிக்கு நூற்றைம்பது. அக்காவின் கணக்கில் அறுநூற்றை அடித்துவிட்டு அதை வைத்துப் பார்த்தால் சரியாக எட்டே கால்தான் வருகிறது என்று சிரித்துக்கொண்டே விளக்கினார். அடிமாட்டு விலைக்குக்கூட ஒரு கணக்கு வைத்திருக்கிறாரே என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

யோசிக்கத்தான் வேண்டியிருந்தது. மெயின் ரோட்டை ஒட்டி ஒரு ஷெட் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் மூன்று லட்சம் முன்பணம் கொடுத்தால் அக்காவுக்குச் சொந்தப் பட்டறை. இல்லாவிட்டால் டயர் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். அக்காவின் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். அவரே வியாழக்கிழமை வாயைத் திறந்து, எட்டே காலுக்காவது கொடுத்துவிட்டால் ஷெட் மிஞ்சுமே என்றார். அக்காவுக்குப் பயமாகத்தான் இருந்தது. கழுவிய வேனையே மறுபடி கழுவினார்.

வெள்ளிக்கிழமை காலை தம்பி ஒரு பல் டாக்டரம்மாவை அழைத்து வந்தார். அந்த அம்மா வாயே திறக்காமல், காந்தத்தை வைத்து, பல்வரிசை பார்ப்பதுபோல அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பட்டி இடத்தை அக்கா காட்டியதும்தான் முதல்முறையாகச் சிரித்தார். "நானும் ஓட்டை அடைக்கிறவதான். நல்லா அடைச்சா யாருக்கும் தெரியாது. அப்புறம் எதுக்கு இவ்வளவு ஃபீஸ்னு கேப்பாங்க."

அக்காவுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து இறங்கினார், ஒன்பது லட்சம் என்று சொல்வதற்காக. வேறொருவர் வாங்குவதற்கு நிற்பதைக் கண்டதும் அக்கறை பொங்கிவிட்டது.

"பாத்து வாங்குங்க டாக்டரம்மா. இவங்களுக்கு என் பட்டறையில மணிக்கு நூத்தம்பதுதான். இங்க அறுநூறு போட்டிருக்காங்க."

தம்பி தரையைப் பார்த்தார். அக்கா வேனுக்குள் ஏறி, கட்டிலுக்கு அடியிலிருந்த இழுப்பறையைத் திறந்து, நான்காய் மடித்த ஒரு தாளை எடுத்துவந்தார். முதலாளியின் பட்டறை பில். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர், கதவை நிமிர்த்த இவ்வளவா என்று அக்காவிடம் சண்டைக்கு வந்து விட்டுவிட்டுப் போனது. அந்தக் கதவை நிமிர்த்தியது அக்கா, தனியாளாக, ஒன்பது மணி நேரம். டிங்கரிங் கூலி, மணிக்கு அறுநூறு என்று அச்சடித்திருந்தது. மேலே முதலாளியின் பெயர், கீழே முதலாளியின் கையெழுத்து.

அக்கா பில்லை விரித்து வேனின் கதவில் வைத்து, அதன்மேல் காந்தத்தைப் போட்டார். அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"என் கைக்கு இது நீங்க போட்ட விலை. நான் ஒரு பைசா ஏத்தல."

முதலாளியின் முகம் சிவந்தது. பட்டறை வாடகை, கரண்ட் எல்லாம் யார் கட்டுகிறார்கள் என்று கேட்டார்.

"இந்த வேனுக்கு நான்தான் கட்டினேன்."

டாக்டரம்மா பில்லை மேலிருந்து கீழே வரை ஒருமுறை படித்தார். முதலாளியை ஒருமுறை பார்த்தார். வேனுக்குள் ஏறி, மடக்கு மேசையைப் பிரித்து, கைப்பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்தார். இன்றைக்கு மூன்று லட்சம், மீதி திங்கட்கிழமை. விலை அக்கா சொன்னதுதான் என்றார். தொகையை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பேரு சொல்லுங்க. டிங்கர் அக்கான்னு எழுத முடியாதில்ல?"

இருபத்தேழு வருடத்தில் அவருடைய சொந்தப் பெயர் எந்த பில்லிலும் ஏறியதில்லை. அக்கா உள்ளங்கையை இடுப்புத் துணியில் இரண்டு தரம் துடைத்தார். பெயரைச் சொல்லவில்லை. கையை நீட்டி டாக்டரம்மாவின் பேனாவை வாங்கிக்கொண்டு, மேசைமேல் குனிந்து, தகட்டில் எழுதுகிறவரைப்போல அழுத்தி, அப்பா பெயரையும் சேர்த்துத் தன் முழுப்பெயரை எழுதினார். எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிற்று. அவர் நிறுத்தவில்லை.