வெளிப்பக்கத்தில் போட்ட பூட்டு

பிற்பகல் இரண்டு மணிக்குத் தமிழ் தெரிந்த தாதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லாம் பிழையாகத் தொடங்கியது அப்போதுதான்.

தெற்கில் ஒரு மனநல ஆஸ்பத்திரி. பூட்டிய வார்டில் என் மகள். புதன்கிழமைகளில் தாதிமார் கதிரைகளை வட்டமாகப் போட்டு நோயாளிகளைக் கதைக்க வைப்பார்கள். நடப்பதெல்லாம் சிங்களத்தில். சிங்களம் தெரியாத இவள் வாயே திறப்பதில்லை. ஒத்துழைக்காத பிள்ளை என்று பெயர் வாங்கிவிட்டாள். வட்டத்தில் கதைத்தால் ஒரு கிழமை வீட்டுக்கு விடலாம் என்றிருந்தார் டொக்டர். தமிழ் தெரிந்த தாதி கூட இருந்து மொழிபெயர்ப்பதாகச் சொன்னதை நம்பித்தான் மன்னாரிலிருந்து பஸ் ஏறினேன்.

அந்தத் தாதியை அன்று வேறு வார்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். வட்டத்தை நடத்த வந்த ஆண் தாதி, நல்ல மனிதர், என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார். நானாட்டானில் அரசாங்கக் கந்தோர் வேலைக்காகப் பரீட்சைக்குப் படித்த சிங்களம் என்னுடையது. வட்டத்தில் ஒருவருக்காக இன்னொருவர் பேசக்கூடாது என்பது அவர்களின் விதி.

"மகள் சொல்வதை மட்டும் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்," என்றார்.

கைக்குக் கை மாறி ஒரு சின்னத் தலையணை வரும். அதை வைத்திருப்பவர்தான் பேச வேண்டும். மகளின் மடிக்கு வந்ததும் அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அம்மா என்ர அறைக்கு வெளியால பூட்டுப் போட்டவ."

மன்னார் கீரியில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு சின்ன ஒழுங்கைப் பாதைதான். வருத்தம் கூடினால் அவள் கடலுக்குள் இறங்கி நடப்பாள். வேறென்ன செய்திருக்க வேண்டும் நாங்கள்? ஆனால் அதை அவள் சொல்லவில்லை. அவள் சொன்னதை மட்டும் சொன்னேன்.

எதிரே இருந்த கிழவி என் பேச்சைக் கேட்டுச் சிங்களத்தில் கத்தினாள். "என்னடி இது, அரசாங்கக் கடிதம் வாசிக்கிறாளா!" வட்டம் முழுக்கச் சிரித்தது. விளங்காமலே மகளும் சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு!

ஆண் தாதி அடுத்த கேள்வியைக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"வீட்டை வர விருப்பமோ எண்டு கேக்கிறார், பிள்ளை."

"இல்லை. இஞ்ச எல்லாருக்கும்தான் பூட்டு. அங்க எனக்கு மட்டும்."

அதையும் சொன்னேன். என் வாயாலேயே.

டொக்டர் கேட்டது ஒன்றைத்தான்: கதைத்தாளா? கதைத்தாள் என்றார்கள். வீட்டுக்குப் போக ஒரு கிழமை லீவு கிடைத்தது. மற்றவர்கள் எழும்பிப் போன பிறகும் மகள் தலையணையை விடாமல் கதிரையிலேயே இருந்தாள்.

அப்போதுதான் தமிழ் தெரிந்த தாதி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"குறை நினைக்காதேங்கோ அம்மா, அங்க ஆளில்லை. பிள்ளை நல்லாக் கதைச்சவவாம், கேள்விப்பட்டன். இப்ப சந்தோசம்தானே?"