ஒட்டன்சத்திரத்து நீல மை

ஆடி மாதத்தில் திண்டுக்கல்லிலிருந்து மேற்கே சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஹேண்டில்பாரைப் பிடிப்பதா, வேட்டியைப் பிடிப்பதா என்று மனிதனைத் தவிக்க வைக்கும் காற்று அது. அதை எதிர்த்து ஒட்டன்சத்திரம் போய், அது தள்ளத் திரும்பி வருவதுதான் எங்கள் ஊர் சைக்கிள் ரேஸ்.

ஐம்பதுகளின் கடைசி. பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த என் தாய்மாமன், கடைப் பெயர் போட்ட பனியனோடு இரண்டு பேரை ரேஸுக்கு அனுப்புவார். ஒருவன், பள்ளிப்படிப்பு முடிந்து வீட்டில் நாவல் படித்துக்கொண்டிருந்த நான். இன்னொருவன் சோடாக் கம்பெனியில் வேலை செய்தவன். பகலெல்லாம் கேரியரில் சோடாப் பெட்டி கட்டிக்கொண்டு சின்னாளப்பட்டி வரை மிதித்துவிட்டு, சாயங்காலம் என்னோடு பயிற்சிக்கு வருவான். பயிற்சி என்றால், அவன் முந்திப் போய் ரயில்வே கேட்டில் சாய்ந்து நிற்பான்; நான் போய்ச் சேர்ந்ததும், "என்ன மாப்ளே, பொண்ணு பாக்க வர்ற மாதிரி வாரே" என்பான். ஒருநாளாவது அவனை ஜெயிக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்கு வேறு லட்சியம் இருந்ததாக ஞாபகமில்லை.

மாமா அதற்குச் சுலபமான வழி வைத்திருந்தார். போகும்போது அவன் முன்னால் போய்க் காற்றை மறைக்க வேண்டும். நான் அவன் பின்சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒட்டியே வர வேண்டும். திரும்பும்போது அவன் ஒதுங்கி என்னை முன்னால் விட வேண்டும். ஒரே கடைக்கு ஓடுகிறவர்கள் அப்படித்தான் ஓட வேண்டும் என்றார். அவன் சரி என்று சொல்லிவிட்டான். ரேஸ் சைக்கிள் மாமாவுடையது.

ரேஸன்று காலை, கொடியசைக்க வந்த மில் மேனேஜர், ஜெயிக்கிறவனுக்கு மில்லில் நிரந்தர வேலை என்று திடீரென்று அறிவித்தார். அவனுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். நிலையான வேலை கிடைத்தால்தான் தட்டு மாற்றுவது என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். நான் அவனைப் பார்த்தேன். அவன் செயினைப் பார்த்தான். நீயே ஜெயித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்ததாக எழுத ஆசைதான். பக்கத்தில் மாமா நின்றார்.

போகிற வழியில் அவன் பின்சக்கரத்தைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. ரெட்டியார்சத்திரம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. யாரும் பாதியில் திரும்பிவிடக் கூடாதென்று ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வாசலில் ஒரு மண்டிக்காரர் பிரஷ்ஷோடு நிற்பார். கேரளாவுக்குப் போகும் காய்கறி மூட்டைகளுக்கு அடையாளம் போடும் நீல மையை முன்கையில் தீட்டி அனுப்புவார். அவன் கையை நீட்டினான், திரும்பினான். நானும் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பினேன். பின்னாலிருந்து "ஏனுங்க தம்பி, ஏனுங்க" என்று குரல் வந்தது. உற்சாகப்படுத்துகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

இனி அவன் என்னை விட்டுவிட்டுப் பறந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் இடத்தில் நான் இருந்தால் பறந்திருப்பேன். எங்கள் ஊர் எல்லை தெரிந்ததும் அவன் ஓரமாக ஒதுங்கினான்.

"முன்னால போ மாப்ளே."

வேலையை விட்டுவிட்டா என்று கேட்டேன்.

"உங்க மாமாட்டச் சொல்லிட்டேன்ல. போ அப்பு."

போனேன். முதலில் வந்தேன். கழுத்தில் மாலை விழுந்தபிறகு ஒருவர் கையைக் காட்டச் சொன்னார். என் இரண்டு கைகளும் பந்தியில் உட்காரப் போகிறவன் கைகள்போலச் சுத்தமாக இருந்தன. மை வாங்கவில்லை என்று உடனே சொல்லியிருந்தால் அடுத்து வந்தவன் அவன்தான், வேலை அவனுக்கு. உண்மை பேச எனக்கு எப்போதும் செத்த நேரம் பிடிக்கும். அதற்குள் அவன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"போட்டாங்கய்யா, நான் பாத்தேன். வேர்வையில அழிஞ்சிருச்சு."

நிரூபிப்பதற்காகத் தன் கையில் எச்சிலைத் துப்பித் தேய்த்தான். மை போகவில்லை. மண்ணை அள்ளித் தேய்த்தான். தோல்தான் சிவந்தது. மழையில் நனைந்தபடி கொச்சி வரை போக வேண்டிய மூட்டைக்கான மை அது. தேய்க்கத் தேய்க்கப் பளிச்சென்று ஆனது. கூட்டம் சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை, பொய் சொல்கிறவனுக்கு மில்லில் இடமில்லை என்று இரண்டு பேரையும் தள்ளிவிட்டார். எனக்கு மை போடவில்லை என்று நான் சொல்லி முடித்தபோது, மாலை என் கழுத்திலிருந்து மூன்றாவதாக வந்த வத்தலக்குண்டுக்காரர் கழுத்துக்குப் போய்விட்டிருந்தது.

மாமா அவனுக்குச் சாமர்த்தியம் போதாது என்று சைக்கிளை வாங்கிக்கொண்டார். பெண் வீட்டார் வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார்கள்.

அறுபதுகளில் வேறொரு உறவுக்காரர் சிபாரிசில் அதே மில் ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்தது, சைக்கிளில் ஏறாமலே. தொப்பையும் கண்ணாடியும் வந்துவிட்டதால் மேனேஜருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கோடையில் ஒருநாள் ஆபீஸுக்குச் சோடாப் பெட்டியோடு அவன் வந்தான். மேனேஜர் அவனைக் கண்டுகொண்டார். ரேஸில் கையைத் தேய்த்தவன்தானே என்று கேட்டுச் சிரித்தார்.

"உன்கூட ஒரு பய ஓடினானே, அவன் என்ன ஆனான்?"

நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவில் மை இருந்ததா என்று தெரியாது.

"அவன் கோயமுத்தூர்ப் பக்கம் போயிட்டான் சார்," என்றான், என் பக்கம் திரும்பாமல். "ஒரு தகவலும் இல்ல."

மேனேஜர் நம்பினார். அவன் ஒரு சோடாவை எடுத்து, கோலியைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளி என் மேஜையில் வைத்தான். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்ததால் குடித்தேன்.