அப்பாவின் ரத்தத்தில் எழுந்த மலை

பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். தெரு அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தெருவுக்கு அவன் ‘பட்டதாரி’. பாட்டன் முப்பாட்டன் வரை தோண்டிப் பார்த்தாலும் கல்லூரி வாசலை மிதித்த கால் அந்தக் குடும்பத்தில் அவனுடையது மட்டும்தான். பட்டமளிப்பு அங்கியில் அவன் எடுத்த படத்தை, சைக்கிள் பஞ்சர் ஒட்டும் அப்பா, காற்றடிக்கும் பம்புக்கு மேலே மாட்டிவைத்தார்.

பட்டதாரிக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. அது என்ன வேலை என்று வீட்டில் விளங்கவைப்பதற்குள் அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

“நம்ம ரத்தத்துல ஆன்டித்ராம்பின்னு ஒரு புரதம் இருக்குப்பா. ரத்தம் கண்ட இடத்துல உறைஞ்சுடாம பாத்துக்கும். ஹெபாரின்னு ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கு, அதோட உடம்பு பூரா கந்தகக் கொக்கி. அதைக் கண்டா போதும், இந்தப் புரதம் ஓடிப்போய் ஒட்டிக்கும்.”

“சர்க்கரைன்னா டீக்குப் போடலாமா?” என்றாள் அம்மா.

“போடக்கூடாதும்மா.”

“அப்புறம் அது என்னடா சர்க்கரை?”

அப்பா டியூப்பைத் தண்ணீரில் அமுக்கியபடியே சிரித்தார். “ஆக, நீயும் ஒட்டுற வேலைதான் பாக்குற. இதுக்கா இவ்வளவு படிச்சே? கடையிலயே கத்துக் குடுத்திருப்பேனே!”

ஆராய்ச்சிக்கூடத்தில் அவனுடைய வேலை சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு குழாயோடு. அதற்குள் ஹெபாரின் பூட்டிய வெள்ளை மணிகள். ரத்தத்தில் அணுக்களை நீக்கினால் மிஞ்சுகிற மஞ்சள் நீரை, அதாவது பிளாஸ்மாவை, மேலே ஊற்ற வேண்டும். மற்றப் புரதங்கள் வந்த வழியே ஓடிவிடும். ஆன்டித்ராம்பின் மட்டும் உடும்புப் பிடியாக மணிகளைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நல்ல அடர்த்தியான உப்புநீர் விட்டால்தான் கையை விடும். அது இறங்கும் நேரத்தில் கணினித் திரையில் கோடு ஒரு மலையாக எழும்பும். அந்த மலைதான் அவன் வேலைக்கு அத்தாட்சி.

மலை வரவில்லை. ஒரு வாரமாகியும் வரவில்லை.

கூடத்தை நடத்தும் மேடம் பொறுத்துப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் தம்பி. அதுக்குள்ள ஒட்டலைன்னா இந்த வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் உன்னை வெச்சு நான் என்ன செய்யறது, சொல்லு?”

இத்தனைக்கும் பட்டதாரி சொந்த ரத்தத்தையே கொடுத்திருந்தான். கீழ்த்தளத்தில் ரத்தம் எடுக்கும் ஊசியக்காவிடம், இந்தச் சோதனைக்கு வழக்கமாக எடுக்கும் நீல மூடிக் குழாய்கள் தீர்ந்திருந்தன. பச்சை மூடிதான் இருந்தது.

“இதுலயும் ரத்தம் உறையாதுல்லக்கா?”

“உறையாது.”

“அப்போ மூடியில என்ன இருக்கு? எடுங்க, எடுங்க!”

வெள்ளிக்கிழமை அப்பா கூடத்துக்கே வந்து சேர்ந்தார், ஒரு கையில் சோற்று டப்பாவோடும் சட்டைப் பையில் உப்புத்தாளோடும். “தேய்ச்சுச் சொரசொரப்பாக்காம எதுவும் ஒட்டாதுடா. அந்த மணியை இப்படிக் குடு.”

“ஐயோ, கையை எடுங்கப்பா!”

திரையில் கோடு படுத்தே கிடந்தது. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “ரோடு நல்லா இருக்கே. ஒரு மேடு பள்ளம் இல்ல. யாரு போட்டது?”

பட்டதாரி மேசையை ஒழிக்க ஆரம்பித்தான். மீதமிருந்த பச்சை மூடிக் குழாயைக் குப்பையில் எறியப் போனவன், அதன் பக்கவாட்டில் அச்சடித்திருந்ததை அப்போதுதான் படித்தான்: ஹெபாரின்.

ரத்தம் உறையாமலிருக்க அந்தக் குழாய்க்குள் பூசியிருந்ததே ஹெபாரின்தான்! அவன் புரதம் அந்தப் பச்சை மூடிக் குழாயிலேயே அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுவிட்டது. சமையலறையிலேயே வயிறு முட்டத் தின்றவன் சாப்பாட்டு மேசைக்கு எதற்கு வரப்போகிறான்?

விஷயத்தைக் கேட்ட மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டார். “வெளியில சொல்லிடாதே, குடுத்த பட்டத்தைத் திருப்பிக் கேப்பாங்க. பொழுது சாயறதுக்குள்ள நீல மூடியில எடுத்துட்டு வா.”

நீல மூடிப் பெட்டி அன்று காலைதான் வந்திருந்தது. அதில் வேறு மருந்து. ஹெபாரின் வாசனையே கிடையாது. ஆனால் ஊசியக்கா மறித்தாள். “போன தடவையே நாற்காலியோட சாஞ்சே. இன்னொரு தடவை உன்கிட்ட எடுக்க மாட்டேன்.”

அப்பா சட்டைக் கையை மடித்தார். “அவன் உடம்புல ஓடறதே என்கிட்ட வாங்கினதுதான்மா. நகல் எதுக்கு? அசல்ல எடு.”

சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார், கையை நீட்டினார், ஊசி இறங்கியதும் “ஆணி ஏறுன டியூப்புக்கு எப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது” என்று முனகினார்.

ரத்தத்தைச் சுழற்றி மஞ்சள் நீரைப் பிரித்தான். மணிகளின் மேல் ஊற்றினான். கழுவினான். உப்புநீர் விட்டான். கோடு கொஞ்சம் தயங்கியது, தலை தூக்கியது, பிறகு விறுவிறுவென்று ஏறி மலையாக நின்றது.

“ஏய், எந்திரிச்சிருச்சுடா!” அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள். மேடம் திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “வேலை உன்கிட்டயே இருக்கட்டும். இனிமே மூடியைப் படிச்சுட்டு ரத்தம் குடு.”

இப்போது கடையில் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் அந்த மலையும் தொங்குகிறது. பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் கேட்கிறார்கள்: “இது எந்த மலைண்ணே? ஏறியிருக்கீங்களா?”

“ஏற வேண்டியதில்ல. எனக்குள்ளதான் கிடந்துச்சு” என்கிறார் அப்பா, டியூப்பில் பசையைத் தடவியபடி. “வெளிய எடுக்கத்தான் ஒரு பட்டதாரி தேவைப்பட்டான்.”