உண்ணாவிரதப் பந்தலுக்கு வந்த பாஸ்போர்ட்

போன சனிக்கிழமை என் வீட்டுக்காரரைத் தேடிப் போலீஸ் வந்தது. வீட்டுக்கு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. உண்ணாவிரதப் பந்தலுக்கே வந்துவிட்டது!

பதறாதீர்கள். பாவம், அவர் ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் என் வேலை. வெளிநாட்டுத் தீம் பார்க்குக்கு டூர் புக் செய்திருந்தேன்.

ஊட்டி பக்கம் எமரால்டு என்ற ஊரில் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர் மகேந்திரன், சிறு விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். நான் ஸ்கூல் டீச்சர். பச்சைத் தேயிலை விலை விழுந்து படுத்ததிலிருந்து வீட்டில் என் சம்பளம்தான் ஓடுகிறது. வெளியில் அவர் பேச்சு ஓடுகிறது.

இந்த நேரத்தில் டூர் கேட்கிறதா என்றுதானே நினைக்கிறீர்கள்? என் நியாயத்தையும் கேளுங்கள்.

வருஷா வருஷம் பிள்ளைகளை எக்ஸ்கர்ஷன் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போவேன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இதே கதை. "டீச்சர், இதைக் கொஞ்சம் பிடிங்க டீச்சர்!" வாட்ச், செருப்பு, ஈரத் துண்டு, கடித்து மீதி வைத்த பப்ஸ்... எல்லாம் என் மடியில். பிள்ளைகள் தலைக்கு மேலே தலைகீழாகக் கத்திக்கொண்டு போவார்கள். நான் கீழே அண்ணாந்து எண்ணிக்கொண்டிருப்பேன் — ஏறின அத்தனை பேரும் இறங்கினார்களா என்று. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நானும் ஏறிக் கத்த வேண்டும். என் மாணவர்கள் யாரும் இல்லாத ஊரில். தப்பா?

மகேந்திரனிடம் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மணி, வெலை இப்படி கெடக்கறப்ப சிங்கப்பூரா? ஊர் என்ன பேசும்?"

"ஊருக்கு எதுக்குங்க சொல்லணும்? திருப்பூர்ல ஒரு விசேஷம்னு சொல்லிக்கலாம்."

நான் சேர்த்து வைத்த காசு. அதனால் அவரால் ரொம்ப நேரம் மறுக்க முடியவில்லை. ஒரு கண்டிஷன் போட்டார்: காக்கைக்கும் தெரியக் கூடாது.

ஊட்டியில் டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனோம். வீட்டுக்காரர் மங்கி கேப், மப்ளர் சகிதம் கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, ஊட்டியில் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை.

டிராவல்ஸ் பெண் சிரித்த முகமாகக் கேட்டாள். "குழந்தைங்க எத்தனை பேருங்க மேடம்?"

"ஒரே பொண்ணுங்க. சென்னையில வேலை பாக்கறா. அவ வரலை."

"அப்ப... ரைடு எல்லாம் யாருங்க போவாங்க?"

"நான்தான்."

அவள் மங்கி கேப்பைப் பார்த்தாள். "சாரு?"

"சாரு பையைப் பிடிச்சுக்குவாருங்க."

அவள் கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். குழந்தைகள் இல்லாமல் இரண்டே பேர் என்றால் ஹனிமூன் பேக்கேஜ்தான் சௌகரியமாம். ரூமில் கேக் வெட்டுவார்களாம். கட்டிலில் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்திருப்பார்களாம். மங்கி கேப்புக்குள்ளிருந்து ஓர் இருமல் வந்தது. நான் அட்வான்ஸ் கட்டிவிட்டேன். மே லீவில் பயணம். உலகமே ஊட்டிக்கு ஏறி வரும்போது நாங்கள் இறங்கிப் போகிறோம்.

பாஸ்போர்ட் இல்லை. விண்ணப்பித்தோம். அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு என்பது எனக்குத் தெரியும். அது எப்போது வரும் என்பது யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை எமரால்டு பஜாரில் ஒருநாள் உண்ணாவிரதம். நானும் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். என்னை ஒட்டிச் செல்வி. எங்கள் தோட்டத்துக்குக் கீழே அரை ஏக்கர் வைத்திருப்பவள். மைக்கைப் பிடித்தால் மகேந்திரன் வேறு ஆள்.

"எங்க ஊட்ல அடுப்பு எரியறதே பெருசுங்க! ஒரு நல்லது கெட்டதுக்குப் பஸ் ஏறிப் போக வழியில்லீங்க!"

கைதட்டல். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் பைக்கில் வந்து இறங்கினார் ஒரு போலீஸ்காரர். கையில் ஃபைல். வாசலில் நின்றவரிடம், "இங்க மகேந்திரன் யாருங்க?" என்றார்.

சங்கத் தலைவர் போஜன் அண்ணன் எழுந்தாரே பார்க்கணும்! காலையிலிருந்து பட்டினி கிடந்த மனுஷன் போலவே இல்லை.

"எங்க செயலாளரைக் கைது பண்ணணும்னா, மொதல்ல எங்களைக் கைது பண்ணுங்க!"

பந்தல் கிளம்பிவிட்டது. கோஷம். யாரோ மகேந்திரன் கழுத்தில் மாலையைப் போட்டார். பெண்கள் ஓடிப்போய் பைக்குக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். செல்வி முதல் வரிசை. நானும்தான்... வேறென்ன செய்ய?

போலீஸ்காரர் வெலவெலத்துப் போனார். கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டே போய் மைக் முன்னால் நிறுத்திவிட்டது.

"ஏனுங்க, நான் கைது பண்ண வரலீங்க! ஊடு பூட்டிக் கெடந்துது, பக்கத்து ஊட்ல கேட்டுட்டு வந்தேன். பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுங்க!"

மைக் ஆனில் இருந்தது. பஜார் முழுக்கக் கேட்டது.

கோஷம் நின்றது. "பாஸ்போர்ட்டா? யாருக்கு?" என்றார் போஜன் அண்ணன்.

"சாருக்கும் மேடத்துக்கும்."

மாலையும் கழுத்துமாக நின்ற என் வீட்டுக்காரர் மங்கி கேப்பைத் தேடுகிறவர் போலத் தலையைத் தடவினார். பின்னாலிருந்து ஒரு குரல்: "நம்மளை உட்கார வெச்சுட்டு ஃபாரின்ல செட்டிலாகப் போறாருங்கோ!" இன்னொரு குரல்: "தோட்டத்தையும் வித்தாச்சாக்கும்!"

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை. விலை விழுந்த பிறகு எங்கள் பக்கம் எத்தனையோ வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. போகிறவர்கள் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

செல்வி என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"எம் பசங்க ரெண்டு பேரும் ஒரு வாரத்துல வர்றேன்னுதான் திருப்பூர் போனானுங்க டீச்சர். நீங்களும் போயிருவீங்களா?"

அந்தக் கேள்விக்கு உட்கார்ந்துகொண்டு பதில் சொல்ல முடியாது. எழுந்துபோய் மைக்கை வாங்கினேன்.

"நாங்க எங்கயும் செட்டிலாகலீங்க. தோட்டத்தையும் விக்கலை. என் சம்பளத்துல சேத்து வெச்ச காசு. சிங்கப்பூர்ல தீம் பார்க் இருக்குதுங்க. அங்க... பெரிய ராட்டினம் இருக்குது. அதுல ஏறணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஒரே வாரத்துல வந்துருவோம். நீங்க என்ன சொல்லுவீங்களோன்னு பயந்துதான் மறைச்சோம்."

ஐம்பதை நெருங்கும் கணக்கு டீச்சர், பசித்திருக்கும் கூட்டத்தின் முன்னால், ராட்டினம் என்று மைக்கில் சொல்லிவிட்டு நிற்கிறாள். பூமி பிளந்தால் தேவலை.

"ராட்டினமா?" என்றாள் செல்வி. முந்தானையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறாள்! அவள் சிரித்ததும் பெண்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது.

மகேந்திரன் மாலையைக் கழற்றினார். "நான் செயலாளர் பதவியை ராஜினாமா..."

"உட்காருங்க சார்," என்றார் போஜன் அண்ணன். "காலையில இருந்து உட்கார்ந்திருக்கோம். மனு வாங்க ஒரு அதிகாரி எட்டிப் பாத்தானா? டீச்சர் ராட்டினத்துக்காவது கவர்மென்ட்ல இருந்து ஒரு ஆளு வந்திருக்காரே!"

அப்போதுதான் எல்லோருக்கும் அது உறைத்தது. எல்லாக் கண்களும் போலீஸ்காரர் மேல் திரும்பின. அவர் ஓரடி பின்வாங்கினார்.

"எனக்கு அதுக்கெல்லாம் அதிகாரம் இல்லீங்க..."

யார் கேட்டார்கள்? மனுவை அவர் கையில் திணித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். எலுமிச்சை ஜூஸைக் கொடுத்து, அவர் கையாலேயே மகேந்திரனுக்குக் குடிக்கக் கொடுக்கச் சொல்லி, உண்ணாவிரதத்தை முடித்துவைத்தார்கள். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர் போராட்டத்தையே முடித்துவிட்டுப் போன ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

போகுமுன் அவர் வந்த வேலையும் நடந்தது. எங்களைத் தெரியும் என்று சொல்ல அக்கம்பக்கத்தில் சாட்சி வேண்டுமாம். முதலில் வந்து நின்றவர் யார் தெரியுமா? தோட்டத்தை விற்றாச்சு என்று கத்தியவர்! "நல்ல மனுஷனுங்க. ஆனா திரும்பி வரலைன்னா புடிச்சுட்டு வர்றது உங்க பொறுப்புன்னு எழுதிக்கோங்க," என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மகேந்திரன் தோட்டத்து வளைவில் நின்று, "ஏம்மணி, ராஜினாமா பண்றேன்னப்ப ஒருத்தனும் கை தட்டலையே, கவனிச்சியா?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

எனக்கும்தான். கஷ்டத்தில் இருக்கிறவர்கள் அடுத்தவர் சந்தோஷத்தைப் பொறுக்கமாட்டார்கள் என்று எவ்வளவு சுலபமாக முடிவுகட்டி வைத்திருந்தேன்! அவர்களுக்கு இருந்த பயமே வேறு. நாங்களும் சொல்லாமல் போய்விடுவோமோ என்பதுதான்.

பச்சைத் தேயிலை விலை இன்னும் ஏறவில்லை. அடுத்த போராட்டத்துக்குப் போஜன் அண்ணன் தேதி குறித்துவிட்டார் — நாங்கள் ஊர் திரும்பும் நாளுக்கு மறுநாள்!