மான் பார்க்கத் தைத்த சாக்குச் சட்டை

அரிசிச் சாக்கில் உடுப்புத் தைக்கலாமா என்று யாராவது கேட்டால், தைக்கலாம் என்று தயங்காமல் சொல்வேன். வேறு விஷயங்களில் எனக்கு இப்படிப் பேச வராது. கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருப்பவரிடம் பெயர் கேட்கவே எனக்குக் கூச்சம். சாக்கைப் பற்றி என்றால் பேசுவேன்.

எனக்கு மான் பார்க்கும் பழக்கம் உண்டு. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து 401 நெடுஞ்சாலையில் காரில் கிழக்கே கொஞ்சத் தூரம் ஓடினால், காடும் ஓடையும் உள்ள பள்ளத்தாக்கு ஒன்று வரும். இந்தக் கோடை தொடங்கியபோது அங்கே ஒரு பெண்மான் குட்டியோடு தண்ணீர் குடிக்க வந்ததைத் தூரத்தில் கண்டேன். நான் ஓரடி வைத்ததும் இரண்டும் மறைந்துவிட்டன.

அந்தக் குட்டியை என் மனைவிக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட மரங்களுக்குள் வந்ததில்லை. கார் நிறுத்துமிடம் வரை வருவாள். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பாள். ஊரில் அவள் பள்ளிக்கூடம் போன ஒழுங்கையில் ஒருநாள், பற்றை என்று நினைத்தது ஆமிக்காரனாக எழும்பித் துவக்கை நீட்டியிருக்கிறது. அதற்கு மேல் அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மானுக்குக் கிட்டப் போவதென்றால் காட்டின் நிறத்தில் உடுப்பு வேண்டும். கடைகளில் விற்கிற புள்ளி போட்ட பச்சைத் துணி எங்கள் வீட்டு வாசல்படி ஏறாது. வேலையிடத்தில் யாரோ தந்த அந்த மாதிரித் தொப்பி ஒன்று, நான் கொண்டுவந்த அன்றே குப்பைக்குப் போனது. அதனால்தான் சாக்கைத் தேடினேன்.

பாசுமதி அரிசி வருகிற சணல் சாக்குகளைத் தமிழ்க் கடையில் கேட்டேன். கடைக்காரர் ஒரு கட்டைத் தூக்கிப் போட்டார்.

"என்னத்துக்கு அண்ணை இவ்வளவு? கிழங்கு நடப்போறியளோ?"

"உடுப்புத் தைக்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சம்பளம் அவ்வளவு குறைச்சலோ?"

வேலை கடினமில்லை, பொறுமை வேண்டும். சாக்கை ஒரு சாண் நீளப் பட்டிகளாக வெட்டி, குறுக்கே ஓடும் இழைகளை ஒவ்வொன்றாக உருவினேன். நெடுக்கு இழைகள் குஞ்சமாகத் தொங்கின. நனைத்துக் காயவிட்டால் அவை சுருண்டு காய்ந்த புல்லைப் போலாகிவிடும். பாதிக்கு மேல் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டேன். ஒரு பிடியை மட்டும் கடையில் வாங்கிய கரும்பச்சைச் சாயத்தில் போட்டேன். மிச்சத்தைச் சாக்கின் சொந்த நிறத்திலேயே விட்டேன். எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் ஒருவரையும் ஏமாற்ற முடியாது.

பழைய மண்ணிறச் சேட்டின் முதுகில் கிழிந்த பட்மின்ரன் வலையைத் தைத்து, அதன் கண்ணிகளில் குஞ்சங்களை முடிந்தேன். தோளிலும் கழுத்தோடு சேர்த்துத் தைத்த தலைமூடியிலும் நெருக்கமாக முடிந்தேன். மான் மனிதனை அடையாளம் காண்பது தலையும் தோளும் சேரும் வளைவில்தான். முன்பக்கத்தை வெறுமையாக விட்டேன். தவழும்போது அங்கே குஞ்சம் இருந்தால் முள்ளில் மாட்டும்.

"வைக்கல் போருக்குக் கால் முளைச்ச மாதிரிக் கிடக்கு" என்றாள் மனைவி. பிறகு பச்சை இழை ஒன்றை விரலால் தொட்டாள், விட்டாள்.

அதைக் காயவென்று கராஜில் கொழுவினேன். அங்கேதான் பிழை நடந்தது. வீட்டுக்குள் மணம் ஏறாமலிருக்க, எங்கள் ஆட்கள் பலர் மிளகாய்த்தூளுக்கு வறுப்பது கராஜில்தான். அந்தச் சனிக்கிழமை மனைவி காஸ் அடுப்பை மூட்டிச் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம் எல்லாம் வறுத்தாள். சாக்கு நெருப்பைச் சட்டென்று பிடிக்கும் என்று சட்டையை மற்ற மூலைக்கு மாற்றினேன். மணம் மூலை பார்க்காது என்பது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் விடியப் போய் ஓடைக்கரையில் குந்தியிருந்தேன். என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு அணில் வந்து போனது. என் தையலில் எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு பெண்மான் வந்தது. மூக்கைத் தூக்கியது. முன்னங்காலால் நிலத்தில் அடித்து, மூச்சை ஒருமுறை பலமாக ஊதிவிட்டுப் பாய்ந்தது. குட்டியின் வெள்ளை வாலைத்தான் கண்டேன். அப்போதுதான் எனக்கே தும்மல் வந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி சட்டையைக் கிட்ட எடுத்து மணந்துவிட்டுக் கதிரையில் இருந்து சிரித்தாள்.

"இறைச்சிக் கறி வைக்க ஆள் வந்திட்டுது எண்டு நினைச்சிருக்கும், பாவம்."

"சிரியும், சிரியும். ஒரு கிழமை வேலை."

"எனக்கெண்டா உந்த மணம் நல்லம். உள்ளுக்க இருக்கிறது நீங்கள்தான் எண்டு கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவன்."

பிறகு கேட்டாள்: "அந்தக் குட்டி எவ்வளவு பெரிசு?"

"உந்தக் கதிரை உயரம் வரும். வந்து பாருமன்."

"மணம் போகக் கழுவுங்கோ. ஆனா என்ர கண்ணுக்கு முன்னாலதான் உந்தச் சட்டையைப் போடோணும். எனக்குத் தெரியாம ஒரு பத்தைக்குள்ளயும் இருக்கக்கூடாது."

சவர்க்காரம் போடாமல் வெறும் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினேன். சவர்க்காரத்துக்கும் மணம் உண்டு. பிறகு பின்வளவில் மழையிலும் வெயிலிலும் விட்டு, காய்ந்த இலைகளோடு ஒரு பையில் கட்டிவைத்தேன். அடுத்த வறுப்பை அவள் தள்ளிப்போட்டாள்.

ஒரு ஞாயிறு விடிய இருவரும் போனோம். கார் நிறுத்துமிடத்தில், வெளிச்சத்தில், அவளே எனக்குப் பொத்தான்களைப் பூட்டினாள். தலைமூடியைப் போடும்போது மட்டும் கை நின்றது.

"இஞ்சேருங்கோ, ஏதாவது கதையுங்கோ."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"அது போதும்" என்று மூடியை இழுத்துவிட்டாள்.

உள்ளே போகும்போது என் முதுகுக் குஞ்சமொன்றைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒரு இழையை உருவிப் பிடித்துக் காற்றுப் பார்த்தேன். எங்கள் முகத்துக்குத்தான் வீசியது. ஓடைக்கரையில் நான் முன்னால் குந்தினேன், அவள் என் முதுகோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். அவளுடைய மூச்சு வேகமாக இருந்தது. எழும்பிப் போவோமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எதிர்க்கரையில் இலைகள் அசைந்தன. அவளுடைய விரல்கள் குஞ்சத்தை இறுக்கின.

வந்தது பெண்மான். பின்னாலேயே குட்டி. நேராகத் தண்ணீருக்குள் இறங்கி, எங்களைப் பார்த்தபடியே குடித்தது. பார்த்தும் அதற்கு நாங்கள் தெரியவில்லை.

"குட்டிக்கும் புள்ளி" என்று என் காதுக்குள் மெல்லச் சொன்னாள்.

"ஓம். குளிருக்கு முதல் மறைஞ்சு போகும்."

அவை தாங்களாகவே திரும்பிப் போகும்வரை இருந்தோம். நான் எடுத்த படம் ஆடிப்போயிருந்தது. அவள் சட்டையை இழுத்த இழுவை அப்படி.

திரும்பி வரும்போது அவள் குஞ்சத்தைப் பிடிக்கவில்லை. எனக்குச் சற்று முன்னால் நடந்தாள்.

"எனக்கும் ஒண்டு தையுங்கோ. உங்கட போல வைக்கல் போர் மாதிரி வேண்டாம், கட்டையா. பச்சை போடாதேங்கோ."

இப்போது அதைத்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் தேயிலைச் சாயமும் சாக்கின் நிறமும்தான். இலை கொட்டும் மாதத்தில் அந்தக் காட்டில் பச்சைக்கு வேலையே இல்லை. இரண்டு சட்டைகளையும் கொழுவப் பின்வளவில் ஒரு கயிறு கட்டியிருக்கிறேன். கராஜ் அவளுடையது.